சூடேறினால் மட்டும் வரும் டொலர்கள்

போன மார்கழியில் அப்பாவும் அம்மாவும் சின்ன வீடொன்றுக்கு மாறினார்கள். மூன்றாம் மாடி ஏறி இறங்க அப்பாவின் முழங்கால் இனி விடாது. சாமான் கட்ட நானும் ஒன்பது வயது மகளும் போயிருந்தோம். ஜெர்மனியில் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களின் கெல்லர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு அனுப்ப வைத்த சூட்கேஸ், கோயில் திருவிழாவுக்கு வாங்கிய பெரிய கிடாரம், என்னுடைய பழைய ஸ்கூல் பை. அதற்கெல்லாம் அடியில், கம்பளித் துணியில் சுற்றி ஒரு பெட்டி.

"அப்பா, இது கீபோர்டா? ஏன் இவ்வளவு தடிப்பு?"

கொமடோர் 64. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பழைய கோபம்தான்.

அந்தப் பாண் பெட்டி

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொமடோர் 64 விற்பனைக்கு வந்தது 1982 இல். 64 கிலோபைட் மெமரி, 16 நிறம், ரிவியில் இணைத்துப் பாவிக்கலாம். கீபோர்டுக்குள்ளேயே முழுக் கொம்பியூட்டரும் இருக்கும். ஜெர்மனியில் அது வீட்டுக்கு வீடு இருந்த சாமான். பிரவுன்ஷ்வைக் நகரத்தில் அந்தக் கம்பனிக்குத் தொழிற்சாலையே இருந்தது. உருண்டு திரண்ட அதன் வடிவத்துக்கு ஜெர்மன்காரர் வைத்த பட்டப்பெயர் 'பாண் பெட்டி'. ஊரில் பாண் சாப்பிட்டு வளர்ந்த அப்பாவுக்கு அந்தப் பெயர் மட்டும் உடனே பிடித்துக்கொண்டது.

1993 இல், எனக்கு ஏழு வயதில், பழைய சாமான் சந்தையில் அப்பா அதை வாங்கினார். ரெஸ்டோரண்ட் குசினியில் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு. "பிள்ளை கொம்பியூட்டர் படிக்கட்டும்" என்பதுதான் அவருடைய கணக்கு.

அடுத்த வருடம் பிரச்சினை தொடங்கியது. பின்னேரம் கொஞ்ச நேரம் விளையாடினால் திரையில் அங்கங்கே வேண்டாத எழுத்துகள் முளைக்கும். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் வேலை முடிந்து நடுச்சாமம் வருவார். அடுத்த நாள் காலை போட்டுப் பார்ப்பார். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார். மூன்றாம் தரம் சொன்னபோது பேச்சு விழுந்தது.

"விளையாட்டு வெறியிலை எதையோ நோண்டிப்போட்டுப் பொய் சொல்லாதை."

"நான் ஒண்டும் செய்யேல்லையப்பா."

கொம்பியூட்டர் கெல்லருக்குப் போனது. அதைவிட, பொய் சொல்லாமலே பொய்யன் ஆனதுதான் எனக்கு வலித்தது.

திரையில் வந்த வீடு

பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பழைய பவர் சப்ளையை நான் மின்சாரத்தில் செருகவே இல்லை. வயது போன அந்தப் பவர் சப்ளைகளில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அதைவிடக் கூட வந்து மெமரி சிப்புகளைச் சாகடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வருத்தம். புதிதாக ஒன்று வாங்கினேன். மகள் ஸ்விட்சைப் போட்டாள். நீலத் திரை, 38911 பைட் மிச்சம் இருக்கிறது என்ற வரி, கீழே 'ரெடி' என்ற சொல். முப்பது வருடம் கழித்தும் அப்படியே.

அரை மணித்தியாலம் எல்லாம் சரி. பிறகு வெறும் நீலமாக இருந்த இடங்களில் டொலர் குறிகள் மினுங்கத் தொடங்கின.

"அப்பா, காசு மழை!"

அவள் சிரிக்க, நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன். அடுத்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அப்பம்மாவுக்கு வட்சப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகிய பிள்ளை. "அப்பா, இதிலை 'வீட்' எண்டு எழுதியிருக்கு!" பார்த்தால் உண்மைதான். 'ரெடி' இருந்த இடத்தில் வி, இ, இ, டி, கடைசியில் ஒரு சதுர அடைப்புக்குறி.

இது ஏதோ பேய் வேலை இல்லை. இந்த மெஷின் எழுத்துகளை எண்களாகத் திரைக்கு அனுப்புகிறது. ஏ என்றால் 1, டி என்றால் 4, இ என்றால் 5, ஆர் என்றால் 18, வி என்றால் 22. வெற்றிடம் 32, டொலர் குறி 36. ஒரு கொப்பியை எடுத்து இரண்டு சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். ஆர் வி ஆகியிருக்கிறது, 18 இலிருந்து 22. ஏ இ ஆகியிருக்கிறது, 1 இலிருந்து 5. கடைசி எழுத்து வொய், 25 இலிருந்து 29. வெற்றிடம் 32 இலிருந்து 36.

"எல்லாம் நாலு கூட. ஆனா இயும் டியும் மாறேல்லை, ஏன்?"

நல்ல கேள்வி. கொம்பியூட்டர் ஒவ்வொரு எண்ணையும் 1, 2, 4, 8, 16, 32 என்ற துண்டுகளாக உடைத்து வைக்கிறது. இ என்பது 4 உம் 1 உம். டி என்பது வெறும் 4. இரண்டிலும் 4 ஏற்கனவே இருக்கிறது, திரும்பப் போட முடியாது. ஆக, எட்டுப் பாதைகளில் 4 என்ற ஒரே ஒரு பாதையில் மட்டும் 'இல்லை' என்பது சூடேறியதும் 'இருக்கிறது' என்று மாறுகிறது. பிள்ளைகளுக்கு பைனரி விளங்கப்படுத்த இதைவிட நல்ல பாடம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

யார் குற்றவாளி?

இந்தப் பழைய போர்டில் மெமரி எட்டுச் சிப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை ஒரு சிப் வைத்திருக்கும். ஒரு பிட் மட்டும் பிழைத்தால் கை உடனே அந்த ஒரு மெமரிச் சிப்பைத்தான் காட்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோல்டர் அயனைச் சூடாக்கவே போய்விட்டேன்.

ஆனால் இன்னொரு சந்தேக நபரும் உண்டு, வீடியோ சிப். ஐரோப்பிய மொடல்களில் அதன் இலக்கம் 6569, நாற்பது கால்கள். அது மெமரியைப் படித்துத் திரையில் வரைகிறது. புரொசஸரும் அதுவும் ஒரே மெமரியைப் பங்குபோட்டுப் பாவிக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முதல் பாதி வீடியோ சிப்புக்கு, மற்றப் பாதி புரொசஸருக்கு. ஒரு சுற்று கிட்டத்தட்ட ஒரு மைக்ரோசெக்கன்தான். எட்டு வரிக்கு ஒரு தரம் வீடியோ சிப் புரொசஸரை நிறுத்திவிட்டு, அடுத்த நாற்பது எழுத்துகளையும் அள்ளி எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் கேள்வி இதுதான்: மெமரியில் பிழையான எண் இருக்கிறதா, இல்லை சரியான எண்ணை வீடியோ சிப் பிழையாக வாசிக்கிறதா?

பேசிக் மொழியில் 'பீக்' என்ற கட்டளை மெமரியில் உள்ள எண்ணைச் சொல்லும். டொலர் தெரிகிற இடத்தைக் கேட்டேன். திரையில் வந்த பதில் 76. 32 உம் இல்லை, 36 உம் இல்லை! கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தேன். பிறகுதான் விளங்கியது. 3 என்ற இலக்கத்தின் எண் 51, அதோடு 4 சேர்ந்தால் 55, அது 7. 2 என்ற இலக்கம் 50, 4 சேர்ந்தால் 54, அது 6. மெஷின் 32 என்றுதான் சொல்கிறது, திரை அதை 76 என்று காட்டுகிறது. குற்றவாளியையே சாட்சிக்கூண்டில் ஏற்றினால் இப்படித்தான்.

திரை எழுத்தை நம்பாமல் சாட்சி சொல்ல ஒரு வழி வேண்டும். திரையைச் சுற்றியுள்ள ஓரத்தின் நிறம் எழுத்துப் பாதையால் வருவதில்லை. அதனால் நாலு வரியில் ஒரு புரோகிராம். திரையைத் துடை. 1024 இலிருந்து 2023 வரை ஒவ்வொரு இடத்தையும் பார். எங்காவது 32 இல்லையென்றால் ஓரத்தைச் சிவப்பாக்கு. திரும்பத் திரும்பச் செய்.

நாற்பதாவது நிமிடம் திரை முழுக்க டொலர். ஓரம் சிவக்கவே இல்லை. மெமரி சுத்தம். நான் கழற்ற இருந்த சிப் நிரபராதி.

சூடும் குளிரும்

இனி வெப்பநிலை. மகள் கொப்பியில் மூன்று நாள் கணக்கு வைத்தாள். அறை 21 பாகையில் இருந்தபோது முதல் டொலர் 37 ஆவது நிமிடம். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தபோது 22 ஆவது நிமிடம். ஜன்னல் திறந்த குளிர் அறையில் 70 நிமிடம் போயும் ஒன்றும் இல்லை. நேரம் முக்கியம் இல்லை, சூடுதான் முக்கியம் என்பது அவள் கோடு போட்டு எழுதிய வரி.

பழைய எலெக்ட்ரோனிக் சாமான்களில் சூட்டோடு வரும் பழுதுகள் பொதுவாக இரண்டு விதம். குளிராக இருக்கும்போது பிழைத்து, சூடேறியதும் சரியாவது ஒன்று. பெரும்பாலும் காய்ந்துபோன கபாசிட்டர், வெடித்த சோல்டர், அல்லது சூட்டில் விரிந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒரு தொடுப்பு. மற்றது, குளிரில் சரியாக இருந்து சூடேறினால் பிழைப்பது. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சூட்டில் மெதுவாகும், மின்கசிவும் கூடும். ஒவ்வொரு வேலையும் நனோசெக்கன் கணக்கில் முடியவேண்டிய இடத்தில் ஒரு சிக்னல் கொஞ்சம் பிந்தினாலே 'இல்லை' என்பது 'இருக்கிறது' ஆகிவிடும். அந்தக் காலத்து வீடியோ சிப்புகளின் தயாரிப்பு முறையில் சிப் சும்மா இருக்கும்போதுகூட மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அது அடுப்பு மாதிரிச் சுடுகிறது.

முதலில் வோல்ட் அளந்தேன். இந்தச் சிப்புக்கு 5 உம் வேண்டும், 12 உம் வேண்டும். இரண்டும் குளிரிலும் சூட்டிலும் சரி. சிப்பைக் கழற்றி, காலையும் சொக்கெட்டையும் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். மாற்றம் இல்லை. ஓடும்போது மெதுவாக அழுத்திப் பார்த்தேன். அதிலும் இல்லை. தொடுப்புப் பிழை இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு கடுதாசியைக் கூம்பாகச் சுருட்டி, ஹெயார் டிரையரின் காற்று வீடியோ சிப்பில் மட்டும் படும்படி பிடித்தோம். இரண்டு நிமிடத்தில் டொலர். குளிர் ஸ்பிரேயை முதலில் மெமரிச் சிப்புகளில் அடித்தேன். டொலர் அப்படியே. வீடியோ சிப்பில் ஒரு சின்ன அடி. மூன்று செக்கனில் திரை சுத்தம். மகள் கைதட்டினாள்.

ஆள் அகப்பட்டாயிற்று. ஆனால் இந்தச் சிப் இப்போது எங்கும் செய்யப்படுவதில்லை. இன்னொன்று வாங்கினாலும் அதுவும் நாற்பது வயதுச் சிப்தான். மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: இது ஏன் இவ்வளவு சூடாகிறது? மீட்டரின் வெப்பக் கம்பியை வைத்தால் 63 பாகை. சிப் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்கு மூடி உண்டு. மூடியில் வளைந்த ஒரு நாக்கு சிப்பின் முதுகில் படும், நடுவில் வெள்ளைப் பசை, சூட்டை இழுத்து வெளியே விட. எங்கள் பெட்டிக்கு மூடியே இல்லை.

பிஸ்கட் டின்

அடுத்த கிழமை அப்பாவின் புது வீட்டுக்குப் போனபோது கொம்பியூட்டரையும் கொண்டுபோனோம். மேசையில் வைத்துத் திறந்து, "இதிலை ஒரு மூடி இருந்திருக்க வேணும் அப்பா" என்று இடத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை. எழும்பிப் போய் குசினி அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே டின்தான், உள்ளே பிஸ்கட் இருந்ததே இல்லை. ஆணி, ஸ்குரூ, பழைய திறப்புகளுக்கு நடுவில் ஒரு தகரத் துண்டு. அதன் நாக்கில் காய்ந்து சுண்ணாம்பாகிப்போன வெள்ளைப் பசை.

"வாங்கின மற்றக் கிழமை நான்தான் திறந்து தூசி தட்டினனான். திருப்பிப் பூட்டேக்குள்ள இது மிஞ்சிப் போச்சு. போட்டுப் பாத்தன், வேலை செய்தது. பிறகென்னத்துக்கு எண்டு எடுத்து வைச்சிட்டன்."

மகள் அவரிடம் கொப்பியைக் காட்டி முழுவதையும் விளங்கப்படுத்தினாள். காலையில் குளிரில் போட்டால் வராது அப்பப்பா, 37 நிமிடம் பார்க்கவேணும். அவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார்.

"அப்ப நீ அண்டைக்குச் சொன்னது பொய்யில்லை."

"அது முப்பது வருசத்துக்கு முந்தி. விடுங்கோ அப்பா."

"நான் காலமைதான் பாத்தனான். அஞ்சு நிமிசம்தான் பாத்தனான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது.

புதுப் பசை பூசி மூடியைப் போட்டோம். சூடு 51 பாகைக்கு இறங்கியது. நாலு மணித்தியாலம் ஓடியது, ஒரு டொலரும் இல்லை. சிப் குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதன் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. அது தாங்கக்கூடிய சூட்டில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

காரில் வந்த கேள்வி

திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"எனக்கும் அப்பிடித்தான் அப்பா. கன நேரம் வாசிச்சா எழுத்து ரெண்டாத் தெரியும். நான் சொன்னனான். நீங்கள் ஒண்டுமில்லை எண்டு சொன்னீங்கள்."

சொன்னவள்தான். இரண்டு தரம். நானும் சோதித்தேன், ஞாயிறு காலை தூரத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி. வசந்தத்தில் எடுத்த கண் சோதனையும் நல்லது என்றே வந்திருந்தது. வீட்டுப்பாடத்திலிருந்து தப்ப ஒரு சாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் அப்பா செய்ததையே நானும் செய்திருக்கிறேன், குளிராக இருக்கும்போது ஐந்து நிமிடம் பார்த்திருக்கிறேன்.

அதே கொப்பியின் பின்பக்கத்தில் புதுக் கணக்குத் தொடங்கினோம். என்ன வாசித்தாள், எத்தனை மணிக்கு, எத்தனையாவது நிமிடத்தில் எழுத்து இரண்டானது, தலையிடி இருந்ததா. பத்து நாளில் பாட்டர்ன் தெரிந்தது. காலையில் இல்லை, பின்னேரம், கிட்டவைத்து வாசிக்கும்போது, இருபது நிமிடத்துக்குப் பிறகு. அந்தக் கொப்பியோடு கண் டொக்டரிடம் போனோம். அவர் ஆஸ்பத்திரியின் பார்வைப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே கண் அசைவைச் சோதிப்பவர் கொப்பியை வாசித்துவிட்டு, பின்னேரம் ஸ்கூல் முடிந்த பிறகு வரச்சொன்னார்.

கிட்ட உள்ளதை வாசிக்க இரண்டு கண்ணும் உள்பக்கமாகச் சேர்ந்து திரும்பி நிற்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தச் சேர்க்கை நேரம் போகப் போகக் களைத்துவிடும். தூரத்துப் பலகையில் எழுத்து வாசிக்கும் சோதனை இதைக் காட்டாது, ஏனென்றால் தூரம் பார்க்கக் கண் அப்படித் திரும்பத் தேவையில்லை. மகளுக்கு இருந்தது அதுதான். தினமும் செய்யக் கண் பயிற்சி கொடுத்தார்கள், வாசிக்கும்போது இடைவெளி விடச் சொன்னார்கள். இப்போது நாற்பது நிமிடம் வாசிக்கிறாள். அதையும் கொப்பியில் எழுதுகிறாள்.

உங்கள் கெல்லரிலும் ஒன்று இருந்தால்

பிள்ளைகளோடு செய்ய நல்ல வேலை இது. ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

பழைய பவர் சப்ளையைப் பாவிக்காதீர்கள், திறக்கவும் வேண்டாம். பழைய குழாய் ரிவியைத் திறக்கவே கூடாது, உள்ளே இருக்கும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். போர்டைத் தொடமுன் மின்சாரத்தைக் கழற்றி, நிலத்தொடுப்புள்ள ஒரு உலோகத்தைத் தொடுங்கள். குளிர் ஸ்பிரே பெரியவர் கையில் மட்டும், தீப்பிடிக்காத வகை, ஜன்னலைத் திறந்து, சின்னச் சின்ன அடியாக. அடித்த இடத்தில் தண்ணீர் வேர்க்கும், அது காயாமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எழுதி வையுங்கள். திறக்கமுன் ஒரு படம் எடுங்கள். பூட்டும்போது ஒரு துண்டு மிஞ்சினால் அது மிச்சச் சாமான் இல்லை.

கொம்பியூட்டர் இப்போது அப்பாவின் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பேத்தியும் அப்பப்பாவும் விளையாடுகிறார்கள். போன கிழமை அம்மா போனில் சொன்னா, இரவு பத்து மணிக்கு அவர் தனிய இருந்து நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அம்பது நிமிசம் ஆச்சு, இன்னும் வரேல்லை" என்றாராம்.